சாரோனிக் தீவுகளில் ஒரு வாரம்: வாடகைப் பாய்மரப் படகும் அதன் புரொப்பெல்லரும்

போன செப்டம்பர் கடைசியில் நாங்கள் நான்கு பேர் ஏதென்ஸில் ஒரு பாய்மரப் படகை வாடகைக்கு எடுத்து, சாரோனிக் வளைகுடாத் தீவுகளை ஒரு வாரம் சுற்றினோம். மாலுமி யாரையும் வைத்துக்கொள்ளவில்லை. ஓட்டியது நான். போவதற்கு முன் ஆறேழு மாதம் உட்கார்ந்து படித்ததெல்லாம் பாயைப் பற்றியும் காற்றைப் பற்றியும்தான். கடைசியில் எங்களிடம் 180 யூரோவையும் அரை நாளையும் பிடுங்கிக்கொண்டது, நான் ஒரு பக்கம்கூடப் படிக்காத புரொப்பெல்லர், அதாவது இன்ஜினால் சுழன்று படகைத் தள்ளும் அடிப்பக்க விசிறி.

நான் சென்னைக்காரன். துறைமுகத்துக்குள் இருக்கும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பில் சின்னப் பாய்ப்படகு ஓட்டிப் பழகியவன். அதில் இன்ஜினே கிடையாது. புரொப்பெல்லர் என்ற ஒன்று இருப்பது மண்டையில் ஏறாமல் போனதற்கு அதுதான் காரணமோ என்னவோ. உங்களுக்கும் அப்படி ஆகாமல் இருக்க, வரிசையாகச் சொல்கிறேன்.

1. முதலில் சான்றிதழ் (ஒரு வருடம் முன்பே)

கிரேக்கத்தில் மாலுமி இல்லாமல் படகு எடுக்க, ஸ்கிப்பராக, அதாவது படகுத் தலைவராகப் பெயர் கொடுப்பவரிடம் பாய்மரப் படகு ஓட்டும் சான்றிதழ் இருக்க வேண்டும். மோட்டார் படகுச் சான்றிதழ் செல்லாது. அதோடு, படகில் இன்னொருவருக்கும் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும். அவரிடம் சான்றிதழ் இல்லாவிட்டால், தனக்கு அனுபவம் உண்டு என்று ஓர் உறுதிமொழித் தாளில் கையெழுத்துப் போடுவார். இந்த இரண்டாவது ஆளைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். உங்களோடு வருபவர்களில் ஒருவராவது கயிறு பிடிக்கத் தெரிந்தவராக இருக்கட்டும். அது சட்டத்துக்காக மட்டும் சொல்வதில்லை, துறைக்குள் நுழையும்போது உங்களுக்கே புரியும்.

நான் எடுத்தது பிரிட்டனின் ஆர்.ஒய்.ஏ. என்ற படகோட்ட அமைப்பின் டே ஸ்கிப்பர் சான்றிதழ். செய்முறை வகுப்பு 5 நாள், கடலில் படகிலேயே தங்கிப் படிக்க வேண்டும். ஆனால் சும்மா போய் நேரடியாக அதில் உட்கார முடியாது. அதற்கு முன்பே 5 நாள் படகு வாசம், 100 கடல் மைல், 4 மணி நேரம் இரவில் ஓட்டிய அனுபவம் கேட்பார்கள். ஆகவே ஆரம்பநிலை வகுப்பு ஒன்றை முன்னால் முடிக்க வேண்டும். பாடப்பகுதியை வீட்டிலிருந்து இணையத்திலேயே படிக்கலாம். அமெரிக்காவின் ஏ.எஸ்.ஏ. 104 சான்றிதழையும் பரவலாக ஏற்கிறார்கள். எதுவானாலும், முன்பணம் கட்டும் முன் சான்றிதழை ஸ்கேன் செய்து அனுப்பி, "இது போதும்" என்று மின்னஞ்சலில் பதில் வாங்கிவிடுங்கள். தொலைபேசியில் சொன்னது கணக்கில் வராது.

படகுகள் பேசிக்கொள்ளும் வி.எச்.எஃப். ரேடியோவுக்கான சான்றிதழையும் சேர்த்தே முடித்துவிடுங்கள். சின்னப் பாடம்தான். புறப்படும்போது மூலச் சான்றிதழ்களைக் கையில் கொண்டுபோக வேண்டும், நகல் போதாது.

2. எப்போது, எங்கே

படகு வாடகைப் பருவம் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை. புதியவர்களுக்கு மே, ஜூன், செப்டம்பர் நல்லது. நம் ஊரில் வாடைக்காற்று மார்கழிக் குளிரோடு வரும். ஈஜியன் கடலில் வடக்குக் காற்று நடுக்கோடையில், வெயில் கொளுத்தும்போது வரும். அதற்குப் பெயர் மெல்டெமி. ஜூலை, ஆகஸ்டில் வானத்தில் ஒரு மேகம்கூட இருக்காது, காற்று மட்டும் நாள்கணக்கில் விடாமல் அடிக்கும். அந்த இரண்டு மாதங்களில்தான் வாடகையும் உச்சம்.

மிக்கோனோஸ், சாந்தோரினி என்று படத்தில் பார்த்து ஆசைப்படுவோம். அவை இருக்கும் சைக்லடீஸ் பகுதி மெல்டெமியின் நேர் வழி. முதல் தடவை வேண்டாம். ஏதென்ஸுக்குத் தெற்கே இருக்கும் சாரோனிக் வளைகுடா நிலத்தால் ஓரளவு மறைந்த கடல். ஒரு தீவிலிருந்து அடுத்ததற்கு மூன்று நான்கு மணி நேரத்தில் போய்விடலாம்.

3. படகும் பணமும்

வாடகை பெரும்பாலும் சனி முதல் சனி வரை. சனிக்கிழமை மாலை 5 மணி வாக்கில் படகு கைக்கு வரும். திரும்பக் கொடுப்பது அடுத்த சனிக்கிழமை காலை 9 மணி. ஆனால் வெள்ளி மாலையே தளத்துக்குத் திரும்பிவிட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கும். ஆக ஏழு நாள் பணத்துக்கு ஆறு நாள் கடல். திட்டம் போடும்போது இதைக் கழித்துவிட்டே போடுங்கள்.

எங்கள் 37 அடிப் படகுக்கு ஆன கணக்கு இது: ஒரு வார வாடகை 1,900 யூரோ, கடைசிச் சுத்தம், படுக்கை விரிப்பு எல்லாம் சேர்த்து 180, குட்டிப் படகான டிங்கிக்கு மாட்டும் மோட்டார் 80, டீசல் 85. இதற்கு மேல் 2,000 யூரோ டெபாசிட்டைக் கிரெடிட் கார்டில் பிடித்து வைத்தார்கள். இந்திய கார்டு என்றால் வெளிநாட்டுப் பரிவர்த்தனை வரம்பை முன்கூட்டியே உயர்த்தி வையுங்கள். எங்களுக்குப் படகுத்துறை மேசையில் கார்டு மறுக்கப்பட்டு, நண்பரின் கார்டைக் கெஞ்சி வாங்க வேண்டியிருந்தது.

டெபாசிட்டைக் குறைக்கக் கூடுதல் பணம் கட்டும் காப்புத் திட்டம் ஒன்றை நீட்டுவார்கள். வாங்கலாம், ஆனால் அதில் விலக்குகள் என்ற பத்தியைத் தேடிப் படியுங்கள். எங்களுடையதில் டிங்கி தொலைவதும், புரொப்பெல்லரில் கயிறு சுற்றுவதும் காப்பில் சேராது என்று எழுதியிருந்தது. நான் அதைப் படித்தது கயிறு சுற்றிய பிறகு.

பதிவு செய்யும்போதே இரண்டு கேள்வி கேளுங்கள். ஒன்று, புரொப்பெல்லர் எந்த வகை? நிலையான இறக்கை உள்ளதா, மடங்குவதா? இரண்டு, இன்ஜின் ஷாஃப்ட் வகையா, சேல்டிரைவா? ஷாஃப்ட் என்றால் சாய்வான தண்டு பின்பக்கமாக வெளியே வரும். சேல்டிரைவ் என்றால் படகின் அடியில் ஒரு கால்போல் நேராகக் கீழிறங்கி, அதன் முனையில் புரொப்பெல்லர் இருக்கும். இதற்கான பதிலைப் பொறுத்துத்தான் பின்னால் சொல்லப்போகும் பாதி விஷயங்கள் மாறும்.

4. விசா

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். முடிவு சொல்ல 15 நாள் என்பது விதி, சில சமயம் 45 நாள் வரை இழுக்கும். அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவே கோடையில் வாரக்கணக்கில் ஆகும்.

இதில் படகுக்காரர்களுக்கு மட்டும் ஒரு சிக்கல் உண்டு. எந்த ஹோட்டலில் தங்குகிறீர்கள் என்று கேட்பார்கள். நாமோ படகில் தூங்கப்போகிறோம். வாடகை ஒப்பந்தம், பணம் கட்டிய ரசீது, எல்லார் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் உள்ள பயணிகள் பட்டியல், எந்த இரவு எந்தத் தீவு என்று ஒரு பக்கக் கடிதம் ஆகிய நான்கையும் இணைத்தோம். முதல் இரவுக்கும் கடைசி இரவுக்கும் ஏதென்ஸில் ஹோட்டல் பதிவு வைத்தோம். பிரச்சினை வரவில்லை. பட்டியலில் இருக்கும் பெயர் எழுத்துகள் பாஸ்போர்ட்டில் இருப்பதோடு அப்படியே பொருந்த வேண்டும். அப்பா பெயரை எங்கே போடுவது என்ற நம்மூர்க் குழப்பம் இங்கேயும் வரும்.

5. படகைக் கையில் வாங்கும் மாலை

எங்கள் தளம் ஏதென்ஸின் அலிமோஸ் படகுத்துறை. அந்த மாலையில் எல்லோருக்கும் அவசரம்: ஒப்படைப்பவருக்கு அடுத்த படகு, உங்களுக்கு இருட்டும் முன் மளிகைக் கடை. இரண்டு பேர் கடைக்குப் போகட்டும், நீங்களும் அந்த இரண்டாவது ஆளும் படகிலேயே இருங்கள். (புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில் வீட்டிலிருந்து கொண்டுபோங்கள். ஆடும் அடுப்பில் சோறு மட்டும் வடித்தால் போதும்.)

தண்ணீருக்கு மேலே இருப்பதை எல்லோரும் காட்டுவார்கள். அடியில் இருப்பதை நீங்கள்தான் கேட்க வேண்டும். தண்ணீர் புகாத சின்னக் கேமராவை ஒரு குச்சியில் கட்டிப் பின்பக்கமாக இறக்கினால் புரொப்பெல்லர் தெரியும். இறக்கைகளில் சிப்பி ஒட்டியிருக்கிறதா, விளிம்பு நெளிந்திருக்கிறதா, ஏற்கெனவே நைலான் நூல் ஏதாவது சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். அதன் அருகே துத்தநாகக் கட்டி ஒன்று இருக்கும். உப்புநீரில் தான் கரைந்து மற்ற உலோகத்தைக் காப்பாற்றுவது அதன் வேலை. பாதிக்கு மேல் கரைந்திருந்தால் சொல்லிவிடுங்கள். படம் எடுத்து, அங்கேயே அவர்களுக்கும் அனுப்பிவிடுங்கள்.

இன்ஜினை ஓடவிட்டுப் பின்பக்கப் புகைக்குழாயிலிருந்து தண்ணீர் துப்புகிறதா என்று பாருங்கள். அது குளிர்விக்கும் தண்ணீர்; துப்பவில்லை என்றால் உடனே அணைக்க வேண்டும். ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்யும்போதும் எட்டிப் பார்ப்பது பழக்கமாகட்டும். முக்குளிக்கும் கண்ணாடியும் பல்வைத்த கத்தியும் படகில் உண்டா என்று கேளுங்கள். எங்கள் படகில் கத்தி இல்லை. ரொட்டி வெட்டும் கத்தி ஒன்றை மூன்று யூரோவுக்கு வாங்கினோம்.

6. ரிவர்ஸ் என்றால் கார் இல்லை

புதியவர்கள் தடுமாறும் இடம் இதுதான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

படகை ரிவர்ஸில் போட்டதும் அது நேராகப் பின்னால் போகாது. புரொப்பெல்லர் சுழலும் திசையால் பின்பக்கம் ஒரு பக்கமாக உதைத்துக்கொண்டு நகரும். பெரும்பாலான படகுகளில் புரொப்பெல்லர், பின்னாலிருந்து பார்த்தால், முன்னே போகும்போது வலஞ்சுழியாகச் சுழலும். அப்படியென்றால் ரிவர்ஸில் பின்பக்கம் இடது புறம் உதைக்கும். ஷாஃப்ட் வகையில் இந்த உதை அதிகம், சேல்டிரைவில் குறைவு.

உங்கள் படகு எந்தப் பக்கம் உதைக்கும் என்பதைத் துறையில் கட்டியிருக்கும்போதே கண்டுபிடிக்கலாம். கயிறுகள் எல்லாம் இறுக்கமாக இருக்கட்டும். மெதுவாக ரிவர்ஸ் போட்டு, படகின் இரு பக்கமும் எட்டிப் பாருங்கள். எந்தப் பக்கம் தண்ணீர் நுரைத்து ஓடுகிறதோ, அதற்கு எதிர்ப்பக்கம் படகின் பின்பாகம் போகும். ஒரு துண்டுத் தாளில் எழுதிச் சுக்கான் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். பதற்றத்தில் இடது வலது மறந்துபோகும்.

அப்புறம், ரிவர்ஸில் கொஞ்சம் வேகம் பிடிக்கும்வரை சுக்கான் வேலையே செய்யாது. புதியவர் என்ன செய்வார்? படகு கேட்கவில்லையே என்று இன்னும் ஆக்சிலரேட்டர் கொடுப்பார், உதை இன்னும் அதிகமாகும். செய்ய வேண்டியது வேறு. தூரத்திலேயே, இடம் தாராளமாக இருக்கும் இடத்திலேயே பின்னோக்கி வேகம் பிடியுங்கள். இரண்டு நாட் (மணிக்கு இரண்டு கடல் மைல்) வந்ததும் நியூட்ரலுக்கு வாருங்கள். புரொப்பெல்லர் நின்றதும் உதையும் நின்றுவிடும், ஓடுகிற வேகத்தில் சுக்கான் மட்டும் வேலை செய்யும். சக்கரத்துக்கு முன்பக்கமாக வந்து, பின்னோக்கிப் பார்த்து நின்றுகொண்டால் கார் ஓட்டுவதுபோல் எந்தப் பக்கம் திருப்புகிறோமோ அந்தப் பக்கம் போகும். சக்கரத்தை இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள். பின்னால் போகும்போது சுக்கானைத் தண்ணீர் பிடித்துத் திருகும், கை முறியும் வேகத்தில் சக்கரம் சுழன்றுவிடும்.

முன் கியரிலிருந்து ரிவர்ஸுக்குப் போகும்போது நடுவில் நியூட்ரலில் மூன்று எண்ணுங்கள். மடங்கும் புரொப்பெல்லர் என்றால் இது இன்னும் முக்கியம். அதன் இறக்கைகள் விரிய நேரம் வேண்டும். விரிந்தாலும் ரிவர்ஸில் இழுவை குறைவு. முன்னே போகும்போது எளிதாக வேகம் பிடிக்கிற படகு, நிறுத்த நினைத்தால் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். நிறுத்த இரு மடங்கு தூரம் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் காலை, துறையைவிட்டு வெளியே வந்ததும், அரை மணி நேரம் இதை மட்டும் பழகுங்கள். ஏதாவது ஒரு மிதவையைத் துறைச் சுவராக நினைத்துக்கொண்டு பின்னால் போய்ப் பாருங்கள். நாங்கள் பழகவில்லை. காற்று நன்றாக இருந்தது, பாயை விரித்துவிட்டோம்.

7. துறையில் கட்டுவது

இந்தத் தீவுகளில் படகைப் பக்கவாட்டில் கட்ட இடம் இருக்காது. நங்கூரத்தைச் சற்றுத் தொலைவில் இறக்கி, ரிவர்ஸில் வந்து, பின்பக்கத்தைச் சுவரில் கட்ட வேண்டும். வரிசை இது: உள்ளே நுழையும் முன்பே இரு பக்கமும் ஃபெண்டர்கள் (இடியைத் தாங்கும் காற்றுப் பைகள்), பின்பக்கம் இரண்டு கயிறுகள் தயார், டிங்கியை முன்பக்கமாகக் கொண்டுபோய்க் கட்டுங்கள் அல்லது மேலே தூக்கிவிடுங்கள். அப்புறம் சுவரிலிருந்து மூன்று நான்கு படகு நீளத்தில் நங்கூரம் இறக்கி, சங்கிலியை விட்டுக்கொண்டே பின்னால் வாருங்கள். காற்று அடிக்கும் பக்கத்துக் கயிறு முதலில் சுவருக்குப் போகட்டும்.

சில படகுத்துறைகளில் நங்கூரம் வேண்டாம். கடலடியில் பொருத்திய கயிற்றின் நுனி சுவரோடு கட்டியிருக்கும், அதை எடுத்து முன்பக்கத்தில் கட்டிக்கொள்ளலாம். லேஸி லைன் என்பார்கள். வசதிதான், புரொப்பெல்லருக்கு எமனும் அதுதான். அந்தக் கயிறு கையில் ஏறும் நேரத்தில் இன்ஜின் நியூட்ரலில் இருக்க வேண்டும். கிளம்பும்போது அதைத் தண்ணீரில் விட்டபின் முப்பது எண்ணுங்கள். அது மூழ்கி அடியில் போன பிறகே கியர்.

8. பாய் விரித்த பிறகு

காற்றில் ஓடும்போது இன்ஜினை அணைத்தாலும், ஓடும் தண்ணீர் புரொப்பெல்லரைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். கியர் எதில் இருக்க வேண்டும் என்பது படகுக்குப் படகு மாறும். மடங்கும் வகையில் பொதுவாக இன்ஜினை அணைத்துவிட்டு ஒரு கணம் ரிவர்ஸ் கியரில் போடுவார்கள். சுழல்வது நின்று, இறக்கைகள் கூப்பிய கைபோல் மடங்கிவிடும். நிலையான இறக்கை என்றால் சில இன்ஜின்களுக்கு நியூட்ரல்தான் சரி. ஒப்படைப்பவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு சின்னப் பொறி: கியரில் விட்டதை மறந்துவிட்டு, துறை நெருங்கியதும் ஸ்டார்ட் செய்தால் பல இன்ஜின்கள் கிளம்பாது. பேட்டரி போச்சு என்று பதறாமல் முதலில் நியூட்ரலைப் பாருங்கள்.

கரையோரமாக இன்ஜினில் போகும்போது ஒருவர் முன்பக்கம் உட்கார்ந்து தண்ணீரையே பார்க்கட்டும். மீனவர்கள் வலைக்கும் கூண்டுக்கும் காலித் தண்ணீர் பாட்டிலையே மிதவையாகக் கட்டியிருப்பார்கள். குப்பை என்று நினைத்து மேலே ஏற்றிவிடுவோம், அடியில் கயிறு இருக்கும்.

9. சுற்றிவிட்டால்

எங்களுக்கு நடந்தது போரோஸ் தீவில். நங்கூரம் இறக்கியாகிவிட்டது, ரிவர்ஸில் வந்துகொண்டிருக்கிறோம். பின்னால் இழுத்து வந்த டிங்கியை முன்னால் மாற்ற மறந்துவிட்டோம். அதன் கயிறு தளர்ந்து உள்ளே போனது. டொக் என்று ஒரு சத்தம், இன்ஜின் நின்றுவிட்டது. டிங்கி எங்கள் பின்பக்கத்தில் வந்து மூக்கை முட்டிக்கொண்டு நின்றது.

இந்த நேரத்தில் செய்யக் கூடாதது: மறுபடி ஸ்டார்ட் செய்து ரிவர்ஸ், ஃபார்வர்டு என்று மாற்றி மாற்றிப் பார்ப்பது. கயிறு இன்னும் இறுகும். சேல்டிரைவின் எண்ணெய் சீல் கிழியும். சாவியை எடுத்துப் பைக்குள் போடுங்கள். நங்கூரம் இறக்கியிருந்தால் அதுவே உங்களைப் பிடித்துக்கொள்ளும். இல்லாவிட்டால் உடனே இறக்குங்கள், அல்லது இடம் இருந்தால் பாயை விரித்து வெளியே போங்கள். எங்களைப் பக்கத்துப் படகுக்காரர் ஒரு கயிறு எறியச் சொல்லிச் சுவருக்கு இழுத்துக் கட்டினார்.

அமைதியான விரிகுடாவில், நங்கூரத்தில், இன்ஜின் சாவி உங்கள் கையில் இருந்தால், நீங்களே இறங்கிப் பார்க்கலாம். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டு புரொப்பெல்லரைக் கையால் எதிர்த்திசையில் சுற்றினால் பாதி கழன்றுவரும். மிச்சத்தை அறுக்க வேண்டியதுதான். அலை இருந்தால் இறங்காதீர்கள். மேலும் கீழும் ஆடும் படகின் அடிப்பாகம் தலையில் இடிக்கும். படகுகள் வந்துபோகும் துறைக்குள்ளும் இறங்க வேண்டாம். நாங்கள் வாடகை நிறுவனத்துக்குப் போன் செய்து, அவர்கள் சொன்ன முக்குளிப்பவரைக் கூப்பிட்டோம். இருபது நிமிட வேலை, 180 யூரோ, ரசீதோடு.

அதன்பிறகு மெதுவாக ஓட்டி, அதிர்வு இருக்கிறதா என்று பாருங்கள். சேல்டிரைவ் என்றால் அடுத்த நாள் கியர் எண்ணெயின் அளவுகோலை எடுத்துப் பாருங்கள். எண்ணெய் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் கடல்நீர் உள்ளே போகிறது, இன்ஜினை ஓட்டாமல் தளத்துக்குச் சொல்ல வேண்டும். எங்களுடையது தப்பித்தது.

ஆபத்து என்றால் வி.எச்.எஃப். சேனல் 16. கிரேக்கக் கடலோரக் காவல் படையின் தொலைபேசி 108. நம்மூரில் ஆம்புலன்ஸ் எண், மறக்கவே மறக்காது.

10. வழி

நாங்கள் போனது: அலிமோஸ், எஜினா, எபிடாரஸ், போரோஸ், ஹைட்ரா, எர்மியோனி, மறுபடி எஜினா, அலிமோஸ். எஜினாவில் பிஸ்தா வாங்குங்கள். ஹைட்ராவில் கார் கிடையாது, கழுதைதான். ஊர் அழகு, துறை குட்டி. படகுகள் ஒன்றன் முன் ஒன்றாக அடுக்கி நிற்கும், நங்கூரச் சங்கிலிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து காலையில் பெரிய கூத்து நடக்கும். மதியம் ஒரு மணிக்குள் போனால் இடம் கிடைக்கும். பயமாக இருந்தால் எர்மியோனியில் படகைக் கட்டிவிட்டு, பயணிகள் படகில் ஹைட்ராவைப் பார்த்துவிட்டு வாருங்கள். பெரிய ஃபெரிப் படகுகள் எழுப்பும் அலை துறைக்குள்ளேயே வரும் என்பதால், எங்கே கட்டினாலும் பின்பக்கத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒன்றரை மீட்டர் விடுங்கள்.

11. திருப்பிக் கொடுக்கும்போது

வெள்ளிக்கிழமை மதியமே அலிமோஸ் போய்விடுங்கள். மாலையில் டீசல் போட வரிசை நிற்கும். டாங்கை நிரப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். முக்குளிப்பவரை இறக்கி அடிப்பாகத்தைப் பார்ப்பார்கள். கயிறு சுற்றியதை நீங்களே முன்கூட்டிச் சொல்லி, ரசீதையும் முதல் நாள் படங்களையும் காட்டுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம். பார்த்துவிட்டு, புதிதாக ஒன்றும் கெடவில்லை என்று தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். அந்தத் தாளை வாங்காமல் படகைவிட்டு இறங்காதீர்கள். கார்டில் பிடித்து வைத்திருந்த டெபாசிட் விடுபடப் பன்னிரண்டு நாள் ஆனது, அதுவரை இரண்டு முறை மின்னஞ்சல் போட வேண்டியிருந்தது.